அத்தையம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஓர் இடம்

உங்கள் அம்மாவை எனக்குக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் தாத்தா அல்ல. தாத்தாவின் அக்கா. சின்ன வயதில் நீங்கள் அத்தையம்மா என்று கூப்பிட்டீர்களே, அவர்தான்.

அத்தையம்மா கலியாணம் கட்டாதவர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்பார்கள். அங்கே ஆயம்மாவாக இருந்து, எத்தனையோ பேர் பெற்ற பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். பிறகு தம்பி தோட்டத்தை விட்டு நாவுலயில் மரக்கறிச் செய்கைக்கு வந்தபோது கூடவே வந்துவிட்டார். உங்கள் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டதும், ஜெபம் சொல்லிக்கொடுத்ததும், பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் அவர்தான். அந்த வீட்டில் அவர் தலையை ஆட்டினால்தான் எதுவும் நடக்கும். எனக்கு முன்னால் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளுக்கு அவர் தலை ஆடவில்லை. ஏன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை.

நான் அப்போது மாத்தளையில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற ஒரு கடையில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். ஆனால் எந்தப் பம்பையும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்தது கிடையாது. உங்கள் தாத்தாவின் மரக்கறித் தோட்டத்துப் பம்பைத் திருத்த நாவுலப் பக்கம் போன இடத்தில்தான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அந்தக் கதையை அம்மாவிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கதை.

ஒரு நாள் நாவுலயிலிருந்து செய்தி வந்தது. புதன்கிழமை அத்தையம்மா கண் கிளினிக்குக்கு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வருகிறார், வேலை முடிந்ததும் பின்னேரம் என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறார், நாவுல பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசினால் போதும் என்று. அவ்வளவுதான் செய்தி.

எங்கே வைத்துப் பார்ப்பது? நான் இருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே. ஒரே அறை, நான்கு பேர். கயிற்றில் நான்கு பேருடைய சாரமும் தொங்கும். அங்கே ஒரு பெரிய மனுசியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்து, மரியாதையாக ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். கையில் நான்கு நாட்கள் இருந்தன. பம்பைப் பிரிப்பதுபோல இந்த வேலையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் நினைத்தது ரெஸ்ட்ஹவுஸ். நல்ல இடம், மரநிழல், வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. ஆனால் அப்போது அங்கே போகிற பாதையில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டை வடக்கில்தான், ஆனாலும் நாவுல பஸ்ஸையே வழியில் மறித்து எல்லாரையும் இறக்கிப் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அத்தையம்மாவிடம் அடையாள அட்டை கிடையாது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வயதிலும் பிரஜாவுரிமை வந்து சேரவில்லை. மாதா கோயில் சுவாமியார் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தைப் பொலித்தீன் பையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார். அதை ஒவ்வொரு சிப்பாயும் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை, அது போதும். ஒரு தேத்தண்ணிக்காக மூன்றாவது முறையும் அவரை ரோட்டில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ரெஸ்ட்ஹவுஸ் இல்லை என்றாகிவிட்டது.

அடுத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சைவக் கடை. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வடையும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு மேசையில் ஆறு பேர். முன்பின் தெரியாத ஆள் எதிரில் உட்கார்ந்து சாம்பாரைக் குழைத்துக்கொண்டே நம் பேச்சைக் கேட்பான். போதாததற்கு ரேடியோ. அதுவும் சரிவரவில்லை.

பிறகு ஒரு பேக்கரி. மேல் மாடியில் குடும்பங்களுக்கென்று தனி அறை, மின்விசிறி, கண்ணாடி போட்ட ஜன்னல். மாடிப்படி மட்டும்தான் எனக்குச் சந்தேகம். வயதானவர் முழங்காலுக்கு இந்தப் படி எப்படியிருக்கும்? எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, வெறுங்கையோடு ஏறினால் என்ன தெரியும்? கடையிலிருந்து ஒரு பம்பைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். நடுப்படியில் கால் நடுங்கியது. மேலே போய்ச் சேர்ந்தால் பேக்கரிக்காரர், "தம்பி, நாங்க பம்பு கேக்கலையே" என்றார். இறங்கி வந்துவிட்டேன்.

அறையில் என்னோடு இருந்த கூட்டாளி ஒருவன், துணிக்கடையில் வேலை செய்தவன், அன்று ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"டேய், பொண்ணு பாக்கப் போறவனப் பாத்துருக்கேன். தேத்தண்ணிக் கடையப் பொண்ணு பாக்குறவன இப்பதான்டா பாக்குறேன்."

"சிரிடா. நாளைக்கு ஒனக்கு வரும்போது தெரியும்."

"எனக்கு வந்தா பஸ் ஸ்டாண்டுல ஒரு பணிஸ் வாங்கிக் குடுத்து அனுப்பிருவேன். பொண்ணக் குடுக்குறவங்க பணிஸுக்கும் குடுப்பாங்க."

பன் ஒன்றுக்குப் பெண் கேட்கிறவன் பேச்சை நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது நானாவின் ஹோட்டல். முஸ்லிம்காரரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். அவருடைய பரம்பரையே மாத்தளைதான். ஹோட்டல் என்றாலும் சின்ன இடம், ஆறு மேசை. ரோட்டிலிருந்து ஒரே ஒரு படி. அதுவும் பாதி தேய்ந்த படி. ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே போகிற வழியில் சாவடி இல்லை. பின்சுவரை ஒட்டிப் பச்சைத் திரை போட்டு, பெண்கள் உட்கார ஒரு மேசை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதவு, அந்தப் பக்கம் நானாவின் வீடு.

இன்னொன்றும் பார்த்தேன். கண் கிளினிக்கில் மருந்து விட்டால் வெளிச்சம் கூசும். ஆகவே செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானே போய் அந்த மேசையில் உட்கார்ந்து வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். திரைக்கு இந்தப் பக்கத்தோடு வெயில் நின்றுவிட்டது. எனக்கு அப்படி ஒரு திருப்தி. மாத்தளை டவுனில் ஒரு வயதானவருக்குத் தேத்தண்ணி கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று அன்றைக்கு யாரோடும் பந்தயம் கட்டியிருப்பேன்.

நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு எனக்கு முக்கியமான ஒருத்தங்க வாறாங்க நானா. கழுவின கோப்பையா, விளிம்பு உடையாததாப் பாத்துக் குடுங்க."

"ஏன் மகன், மத்த நாள்ல நாங்க கழுவாமயா தாறது?" என்றார் நானா. சொல்லிவிட்டு, புதுக் கோப்பை இரண்டை எடுத்துத் தனியாக வைத்தார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக் கேட்டில் அத்தையம்மா நின்றிருந்தார். சிறிய உருவம். வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை, கழுத்தில் செபமாலை. மருந்து விட்ட கண் கலங்கியிருந்தது. என்னை நேராகப் பார்க்காமல் என் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"பம்புக்காரத் தம்பியா?"

"ஆமாங்கம்மா. குடையக் குடுங்க, நான் புடிக்கிறேன்."

"குடைய நானே புடிச்சுக்குவேன். நீ ரோட்டப் பாத்து நட."

ஒரு படி ஏறினோம். திரைக்குள்ளே போனோம். அவரைச் சுவர்ப்பக்கமாக உட்காரவைத்தேன். "வெயில் இல்ல, நல்லாருக்கு" என்றார். என் நெஞ்சு நிமிர்ந்தது. நானா புதுக் கோப்பைகளில் பால் தேத்தண்ணியும், தட்டில் ரோல்ஸும், நான்கு கோழிக்கூட்டு வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார்.

அத்தையம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தார். அப்பா அம்மா எங்கே, கோயிலுக்குப் போகிறேனா, குடிப்பேனா. குடிக்க மாட்டேன் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். பம்பு வேலை இல்லாத மழைக்காலத்தில் என்ன செய்வேன் என்று கேட்டார். தையல் மெஷின் திருத்துவேன் என்றேன். அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், "ம்" என்றார். பேச்சு நன்றாகத்தான் போனது. எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறவில்லை.

ஆனால் அவர் கோப்பையைத் தொடவில்லை.

"ஆறிப்போகுதுங்கம்மா, குடிங்க."

"இருக்கட்டும்பா."

கொஞ்ச நேரம் போனது. பால் தேத்தண்ணியின் மேலே ஆடை படிந்தது.

"சாயத்தண்ணி சொல்லவாங்கம்மா? பால் ஒத்துக்காதோ?"

"வேணாம்பா."

"சோடா?"

"ஒன்னும் வேணாம். நீ குடி."

"பழமாவது எடுங்க."

"வேணாம்னு சொல்றேன்ல."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நம் ஆட்களின் ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், மனதில் சம்மதம் வராமல் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். வேண்டாம் என்பதை வாயால் சொல்லி யார் மனதையும் புண்படுத்தாமல், கோப்பையைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் விளங்கிக்கொள்வார்கள். நானும் விளங்கிக்கொண்டேன். உங்கள் அம்மா எனக்கு இல்லை. எனக்கு முன்னால் வந்த அந்த இரண்டு பேரோடு மூன்றாவது ஆளாக நான்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று விவரிக்க எனக்குத் தெரியாது. நானாவின் புதுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் விளிம்பில் மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடியது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் பஸ் இருந்ததே. பின்னேரத்து நாவுல பஸ்ஸில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், அரசாங்கக் கந்தோருக்கு வந்தவர்கள், சந்தைக்கு வந்தவர்கள், எல்லாரும் அதில்தான். சீட் கிடைக்காவிட்டால் இந்தக் கண்ணோடு, கலங்கின பார்வையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெண் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் உட்கார்ந்துதான் போக வேண்டும்.

"சரிங்கம்மா," என்றேன். "நீங்க இங்கயே இருங்க. பஸ் ஸ்டாண்டுல பஸ் வந்து நிக்கிற நேரம். நான் ஓடிப்போய் ஒரு சீட் புடிச்சுட்டு வந்து ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் பார்த்தார்.

ஓடினேன். பஸ் திரும்பிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கவாட்டில் ஓடி, டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் சீட்டில் என் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, விட்டெறிந்தேன். அந்தக் காலத்தில் சீட்டில் ஒரு லேஞ்சி கிடந்தால் அது ஆள் இருப்பதற்குச் சமம். யாரும் உட்கார மாட்டார்கள். கொண்டக்டர், "லேஞ்சிக்கு டிக்கெட் எடுக்கிறாயா, தம்பி?" என்று சிங்களத்தில் கேட்டார். வயதான அம்மா ஒருவர் வருகிறார், கண் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். "அப்படியென்றால் சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பஸ் கிளம்ப இன்னும் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.

திரும்பி வந்து திரையை விலக்கினால் மேசையில் ஆள் இல்லை. ஆடை படிந்த கோப்பை மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. குடை நாற்காலியில் சாய்ந்து கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நானா! அம்மா எங்க?"

நானா காசு மேசையிலிருந்து எழும்பாமலே கையைக் காட்டினார்.

"பதறாதீங்க மகன். ஊட்டுக்குள்ள ஈக்குறாங்க."

"என்ன நடந்திச்சு?"

"ஒன்னுமில்ல. எங்கட மனுசி கதவுக்குள்ளால எட்டிப் பாத்து, 'உம்மா, பின்னுக்குப் போகணுமா'ண்டு ஒரு வார்த்த கேட்டிச்சி. ஒங்கட அம்மா ஒடனே எழும்பிட்டாங்க."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான்கு நாட்களாக நான் படியைப் பார்த்தேன், வெயிலைப் பார்த்தேன், சாவடியைப் பார்த்தேன், கோப்பையின் விளிம்பைக்கூடப் பார்த்தேன். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆண்பிள்ளைக்கு அது தோன்றவே தோன்றாது. எங்களுக்கு ஒரு வேலி மறைவு போதும்.

கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அத்தையம்மா முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஊருக்குப் போய் வந்த ஆள்போலத் தெளிவாக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலையில இருட்டோட கெளம்புனது," என்றார். "அதுக்கு முந்தியிருந்தே ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்கல. வச்சா எங்க போறது? பஸ்ஸ நிறுத்தி எறக்கி ரோட்டோரம் வரிசையில நிக்க வைக்கிறானுங்க. ஆஸ்பத்திரியில இருக்கிறதுக்குக் கதவு கெடையாது. பொம்பளைங்க பயணம்னா வாயக் கட்டிக்கிட்டுத்தான் போகணும். ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது."

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேங்கம்மா."

"என்னா நெனச்ச?"

சொல்லத் தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"கை நனைக்கலையே... என்னய வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு."

அத்தையம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட பைத்தியக்காரா! தேத்தண்ணியத்தானே வேணாம்னேன். ஒன்ன எப்ப வேணாம்னேன்?" பிறகு, "அப்படி நெனச்சுக்கிட்டா சீட் புடிக்க ஓடுன?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"சீட் கெடச்சிச்சா?"

"டிரைவருக்குப் பின்னால. ஜன்னல் பக்கம்."

அத்தையம்மா அந்த ஆடை படிந்த கோப்பையை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"உள்ளுக்கும் தேத்தண்ணி குடுத்தாங்க. நல்ல மனுசி. நான் குடிக்கல," என்றார்.

"ஏங்கம்மா? அதான் இப்ப பயமில்லையே."

"கூட்டிட்டு வந்தது யாரு? நீயா, அவங்களா? சொல்லு சூடா ஒன்னு. சாயம் கூட, சீனி கம்மியா."

நானா அதற்குள் கொண்டுவந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அத்தையம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். பிறகு இன்னொன்று கேட்டார். ரோல்ஸ் ஒன்றும் வாழைப்பழம் இரண்டும் சாப்பிட்டார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போனது எனக்குத் தெரியவே இல்லை.

"நீ ஏன் குடிக்கல? ஒனக்குச் சம்மதம் இல்லையா?" என்றார்.

ஒரே மூச்சில் குடித்தேன். நானா சத்தமாகவே சிரித்தார்.

அத்தையம்மா இன்னொருமுறை உள்ளே போய் வந்து, நாங்கள் புறப்படும்போது நானாவின் மனைவி கதவருகில் வந்து நின்று, அடுத்த கிளினிக்குக்கு வந்தால் நேராகப் பின்வாசல் பக்கம் வரச் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்த அந்த வழி, அத்தையம்மா நடமாடிய கடைசி நாள்வரைக்கும் மாறவில்லை. மாத்தளைக்கு வந்தால் முதலில் அந்த வீடு, பிறகுதான் நம் வீடு. இடம் தேர்ந்தெடுத்தவன் நான்தானே என்று இன்றைக்கும் அம்மாவிடம் சொல்லிக் காட்டுவேன். கக்கூஸைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தீங்களே என்று அவர் திருப்பிச் சொல்வார். அதனால் என்ன, நான் தேர்ந்தெடுத்த இடத்தில் அதுவும் இருந்ததா இல்லையா?

பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர் சொன்ன சொல் தவறாமல் சீட்டைக் காத்துவைத்திருந்தார். அத்தையம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்துவிட்டு, கீழே இறங்கி ஜன்னலருகில் நின்றேன். என் லேஞ்சி அவர் மடியில் இருந்தது. மிச்ச ரோல்ஸைத் தாளில் சுற்றி நானா கொடுத்திருந்தார். அதை எடுத்து அந்த லேஞ்சியில் வைத்து முடிச்சுப் போட்டார்.

"லேஞ்சி அழுக்குங்கம்மா. கிரீஸ் கையத் தொடச்சது."

"தெரியுது," என்றார். "ரோல்ஸ் அவளுக்கு. லேஞ்சியத் தோய்க்கச் சொல்லி அவகிட்டயே குடுக்கிறேன். ஞாயித்துக்கிழம பூசைக்கப்புறம் வந்து, அவ கையாலயே வாங்கிக்க."

பஸ் கிளம்பியது.